சத்தியம் செய்யாத பால்

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் மனைவி நாற்பது வருஷமாக எனக்குக் கடுங்காப்பிதான் போடுகிறாள். கல்யாண வீடுகளில் பாயச வாளி என் இலையைத் தாண்டிப் போய்விடும். எனக்குப் பால் நன்றாகவே ஒத்துக்கொள்ளும் என்ற விஷயம் எனக்கும் இன்னோர் அம்மாளுக்கும் மட்டுமே தெரிந்தது. அந்த அம்மாளும் இப்போது இல்லை. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஊர். நெல் ஒரு போகம், மீதி நாளெல்லாம் மாடு. காலையில் கறக்கிற பால் அம்பத்தூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறிப் பட்டணம் போகும். எங்கள் ஊர்ப் பாலுக்குப் பட்டணத்தில் ஒரு பெயர் இருந்தது. அதில் கெண்டைக் குஞ்சு நீந்தும் என்பார்கள். ஒருநாள் உண்மையாகவே ஒன்று நீந்தியது. ஏரித் தண்ணீரை வடிகட்டாமல் ஊற்றினால் அப்படித்தான் ஆகும். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு காப்பி கிளப்புதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டுறவு இலாகாவிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய விபூதி, காலில் பூட்ஸ். வந்தவர் பால் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். ஊரிலேயே பெரிய நிலக்காரர் பிரசிடெண்டு ஆனார். ஊரில் பாதி நிலம் அவருடையது, மீதிப் பாதியைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போய், அதைத் தாண்ட முடியாமல் திரும்பி வந்தவன். ஊரில் அதுவே பெரிய படிப்பு. என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றையும் என் கையில் கொடுத்தார்கள். பால்மானி என்று பெயர். நல்ல பாலில் போட்டால் நிமிர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்ததில் போட்டால் அமுங்கும்.

அம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி இன்ஸ்பெக்டர் ஒரு மணி நேரம் பேசினார். சீமை ஏன் பணக்கார தேசமாக இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். எங்களிடம் வரி வாங்குவதால் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தோம்.

"ஒழுக்கம்! தெய்வ பயம்! அங்கே வியாபாரி பொய் சொல்ல மாட்டான். அதனால்தான் அங்கே ரயில் ஓடுகிறது" என்றார்.

ரயில் எங்கள் ஊர் ஓரமாகவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் பேசிய வேகத்தில் அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. உங்களிடம் பக்தி இருக்கிறது, அதைப் பாலில் காட்டுங்கள், ஊர் தானாக முன்னேறும் என்று முடித்தார். எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் அது விளையாட்டுக் காரியமில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தையை மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள். கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்தும் கீதை மேல் கை வைத்தும் கூசாமல் பொய் சொன்னவர்கள், கற்பூரத்தைக் கண்டால் நடுங்குவார்கள்.

சத்திய வாசகத்தைப் பிரசிடெண்டே சொல்லிக்கொடுத்தார். "என் பால்ல என் கையால தண்ணி ஊத்துனா, ஆத்தா என் கண்ணப் புடுங்கிக்கட்டும்." ஒவ்வொருவராக வந்து சொல்லி அடித்தோம். நானும் அடித்தேன். ஊர் முழுக்க இரண்டு நாள் உள்ளங்கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு அலைந்தது.

ஒருத்தி மட்டும் அடிக்கவில்லை. கோயிலுக்கு வெளியே, தூரத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். சேரியில் எருமை வைத்திருந்த ஒரே பெண்பிள்ளை. ஊர் அவளை எருமைக்காரி என்று கூப்பிட்டது. என் அம்மா வயது இருக்கும். நானும் அவளை 'வா, போ' என்றுதான் பேசினேன். அவளும் அவள் புருஷனும் பிரசிடெண்டின் பண்ணையாட்கள். யாரோ ஒருவருடைய எருமைக் கன்றை, ஈற்றில் பங்கு என்று பேசி வாரத்துக்கு வளர்த்து, அது ஈன்றபோது தன் பங்குக்கு ஒரு கிடாரிக் கன்றை வாங்கி, அதையும் வளர்த்துக் கறவையாக்கியிருந்தாள். அந்த எருமை வந்த பிறகுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக, "நாளைக்கு வேலைக்கு வரல ஆண்டே" என்று பிரசிடெண்டைப் பார்த்துச் சொன்னாளாம். அவர் அதை மறக்கவில்லை. பால் விற்றால் எருமை நிற்கும். எருமை நின்றால் அவள் நிமிர்ந்து நிற்பாள். பால் விற்காவிட்டால் எருமை சந்தைக்குப் போகும், அவள் பழையபடி பண்ணைக்குப் போவாள். அவளுக்கு அந்தச் சங்கம் அவ்வளவு பெரிய விஷயம்.

கறவை மாடு வைத்திருக்கும் யாரும் சேரலாம் என்று சங்கத்துச் சட்டம் சொன்னது. அதனால் இன்ஸ்பெக்டர் அவளைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் கோயில் முன்னால் வந்து கற்பூரம் அடிக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவள் முந்தானையில் முடிந்து சொந்தமாகக் கற்பூரம் கொண்டுவந்திருந்தாள்.

"நான் இங்கயே கொளுத்தி அடிச்சிக்கட்டுமா ஆண்டே?" என்று தூரத்திலிருந்தே கேட்டாள்.

"அங்கேர்ந்து அடிச்சா ஆத்தாளுக்கு எப்டித் தெரியும்?" என்றார் பிரசிடெண்டு.

உலகத்தையெல்லாம் படைத்த ஆத்தாளுக்கு முப்பது கஜ தூரம் கண் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சத்தியம் செய்யாதவள் பாலைச் சத்தியம் செய்தவர்கள் பாலோடு கலக்கக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. அவளுக்குத் தனிக் கேன். அடையாளத்துக்கு அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி. எல்லோருக்கும் பரம நிம்மதி. கலக்கக் கூடாது என்று முன்பே நினைத்திருந்தார்கள், இப்போது அதற்குத் தெய்வீகமான காரணமும் கிடைத்துவிட்டது.

ஒரு வாரம் பால் பாலாக இருந்தது. இரண்டாம் வாரம் பால்மானி மெல்ல அமுங்க ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் முங்கிக் குளித்தது. சிவப்புத் துணிக் கேனில் மட்டும் கம்பீரமாக நிமிர்ந்து நின்றது. நான் கமிட்டியில் சொன்னேன். பிரசிடெண்டு பால்மானியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க எல்லாரும் சத்தியம் பண்ணிக் கீறோம். இந்தக் கண்ணாடி பண்ணிச்சா?"

பண்ணவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மறுநாளே பால்மானியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் கயிறும் கட்டித் தந்தார்கள். அத்தனை பாரமும் சேர்ந்ததும் அது முன்னைவிட ஆழமாக அமுங்கியது. "பாத்தியா, ஆத்தா பேரச் சொன்னதும் தல வணங்குது" என்றார் பிரசிடெண்டு. கமிட்டியில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்று ராஜினாமா செய்திருந்தால் எனக்கு இன்று பாயசம் கிடைத்திருக்கும். செய்யவில்லை.

மர்மம் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே உடைந்தது. ஒருநாள் கோழி கூவுகிற நேரத்தில் எழுந்து போனேன். அம்மா பசுவைக் கறந்து முடித்து, பால் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து, எங்கள் பாலில் ஊற்றிவிட்டு, "வாங்கக்கா" என்றாள். உடனே அம்மா எங்கள் கிணற்றில் ஒரு செம்பு மொண்டுகொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். தெருவில் எட்டிப் பார்த்தேன். இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கும் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்குமாக எல்லோரும் செம்போடு போய் வந்துகொண்டிருந்தார்கள். எத்தனையோ வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட, முகத்தைப் பார்க்காமல், ஒருவர் பாலில் ஒருவர் ஊற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

"என்னம்மா இது அநியாயம்?" என்றேன்.

"இன்னாடா அநியாயம்? என் பால்ல என் கையால ஊத்தமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். ஊத்துனேனா? அவ பால்ல ஊத்துனேன். சத்தியம் அப்டியே கீது, போ" என்றாள் அம்மா.

அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. சத்தியத்தை ஒருவரும் மீறவில்லை. அம்மனும் யார் கண்ணையும் பிடுங்கவில்லை. சேரிக்கு மட்டும் யாரும் செம்பு எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கே காலை வைத்தால் திரும்பி வந்து குளிக்க வேண்டும், அந்தக் குளிரில் யார் போவார்கள்? அவளும் யாரையும் கூப்பிடவில்லை. ஊர் ஒதுக்கி வைத்ததால் அவள் பால் சுத்தமாக இருந்தது. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அடுத்த மாதம் தணிக்கைக்கு வந்த இன்ஸ்பெக்டர் முதல் நாளே வந்து சங்கத்துக் கொட்டகையில் தங்கினார். விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டே தெருவில் நடந்த இந்த ஊர்வலத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பார்த்தீரா? இதுதான் கூட்டுறவு! விடிந்ததும் அண்டை வீட்டானைப் போய்ப் பார்க்கிறான். எல்லாம் அந்தச் சத்தியத்தின் மகிமை" என்று ரிப்போர்ட் எழுதினார். நான் பக்கத்தில் நின்று மைக்கூடு பிடித்தேன்.

ஆனால் பட்டணத்துக் காப்பி கிளப்பு ரிப்போர்ட்டைக் குடிக்கவில்லை, பாலைத்தான் குடித்தது. அதன் முதலாளியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மற்றக் கேன்களில் வருவது வரவர மோசம், சிவப்புத் துணி கட்டிய கேனில் வருவது மட்டும் அமிர்தம் என்று எழுதியிருந்தார். கமிட்டி அவசரமாகக் கூடியது. பிரசிடெண்டு நீண்ட நேரம் யோசித்துப் பேசினார்.

"அவ பால் நல்லா கீறதாலதான் நம்ம பால் மட்டமாத் தெரியுது. அவள எடுத்துட்டா எல்லாம் ஒண்ணாப் பூடும். ஒரு பேச்சு வராது."

இப்படிப்பட்ட அறிவு வீணாக எங்கள் ஊரில் கிடந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். சத்தியம் செய்யாத காரணத்தால் அவளைச் சங்கத்திலிருந்து நீக்குவதாகத் தீர்மானத்தை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் நன்றாக வந்திருந்தது.

அன்று மாலை சேரியின் முனைவரை போய், தூரத்தில் நின்றே சொன்னேன். அவள் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் வயலில் நடவு செய்தவள், நான் இடுப்பில் துணியில்லாமல் ஓடிய நாளிலிருந்து என்னை அறிந்தவள். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"பால் நல்லா கீதுன்னு நிறுத்துறாங்களா நைனா?"

"சத்தியம் பண்ணலைன்னு."

"பண்ணத்தான வந்தேன்?" என்றாள். பிறகு எருமை முதுகில் கையை வைத்துக்கொண்டு, "இது போச்சுன்னா நான் திரும்பியும் அவுரு வாசல்ல போய்த்தான் நிக்கணும். அது உனுக்குத் தெரியும் இல்ல?" என்றாள்.

தெரியும் என்றேன். தெரிந்து என்ன செய்தேன்? தீர்மானத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அம்மா கொடுத்த காப்பியை இரண்டு டம்ளர் குடித்தேன்.

அவளைக் காப்பாற்றியது நான் இல்லை, இன்னொரு கார்டுதான். மறுநாளே வந்தது. காப்பி கிளப்பு முதலாளி எழுதியிருந்தார்: மற்றப் பாலோடு கலக்காமல், துணி கட்டித் தனியாக அனுப்புவதைப் பார்த்தாலே தெரிகிறது, இது குளித்துவிட்டு, யார் மேலும் படாமல், மடியாகக் கறந்த பால். இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆசாரமான குடும்பமா! கிளப்பு வாசலில் 'மடிப் பால் காப்பி' என்று போர்டே மாட்டிவிட்டேன். மயிலாப்பூரிலிருந்தெல்லாம் பெரியவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு மரியாதை செய்ய வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன்.

ஊரே ஆடிப்போயிற்று. உள்ளதைச் சொன்னால் கிளப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஆசாரமான குடும்பம் ஒன்றைக் காட்ட வேண்டும். பிரசிடெண்டு தன் குடும்பத்தையே தியாகம் செய்ய முன்வந்தார். வெள்ளிக்கிழமை விடியுமுன்பே அவர் வீட்டு வாசலில் பெரிய கோலம். அவர் மனைவி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். அவர் வீட்டு எருமைக்குக்கூடப் பட்டை பட்டையாக விபூதி. காப்பி கிளப்பு முதலாளி முதல் வண்டியில் இறங்கி ஜட்காவில் வந்தார். கையில் தாம்பாளம்: தேங்காய், பழம், வேட்டி, புடவை. கூடவே இன்ஸ்பெக்டர். தெய்வ பயமும் தொழிலும் கைகோக்கும் காட்சியைப் பார்க்க வந்திருந்தார்.

எருமையைக் கறந்தார்கள். முதலாளி சொம்பில் விரலை விட்டு, ஒரு சொட்டைக் கட்டை விரல் நகத்தில் வைத்தார். நின்றது. "பேஷ்!" என்றார். பிரசிடெண்டு மூச்சுவிட்டார்.

அந்த நேரத்தில் கொல்லைப் பக்கத்துப் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வயதானவர், காது மந்தம். பட்டணத்து விருந்தாளி வருகிற விஷயத்தை அவரிடம் யாரும் கத்திச் சொல்லவில்லை போலிருக்கிறது. வழக்கம்போல ஒரு செம்புத் தண்ணீரை, எங்கள் அத்தனை பேர் முன்னாலும், அந்தப் பாலில் நிதானமாக ஊற்றினார். ஊற்றிவிட்டு, "நம்ம ஊட்டுக்கு வந்துடு பிரசிடெண்டு. பால் காத்துகினு கீது, வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எருமை தன் பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி மறுபடி ஒரு சொட்டு எடுத்து நகத்தில் வைத்தார். ஓடியது. "என்ன ஓய் இது?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டருக்குத் தான் எழுதிய ரிப்போர்ட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "பரஸ்பர ஒத்துழைப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"இது அந்தப் பால் இல்லை. சிவப்புத் துணிக் கேன் யாரோடது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். என் தைரியத்தால் சொன்னதாக நினைக்க வேண்டாம். வேறு யாரும் வாயைத் திறக்காததால் சொன்னேன். முதலாளி அப்படியே மாட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை ஏகாதசி! எத்தனை சிரார்த்தம்!" என்று முணுமுணுத்தார். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு மெல்ல வியாபாரியின் முகமாக ஆயிற்று.

"போர்டை மாட்டியாச்சு. இப்போ எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பா" என்றார். "நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. அந்தக் கேன் வரட்டும். ஆனா மீதிப் பாலும் அதே மாதிரி இருக்கணும். இல்லேன்னா சங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"இன்னொரு தடவை எல்லோரும் சத்தியம்..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியம் மட்டும் வேண்டாம் ஓய்! ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிடறேன்" என்றார் முதலாளி.

வழியைக் கண்டுபிடித்தவர் பிரசிடெண்டுதான். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, ஆனால் மூளையைக் குறை சொல்ல முடியாது. சேரியை ஒட்டிய மைதானத்தில் கொண்டுபோய்க் கறந்தால், செம்பைத் தூக்கிக்கொண்டு ஒருவனும் அங்கே வரமாட்டான் என்றார். மாட்டுக்குத் தீட்டு இல்லை, மாடு போகலாம். கறக்கிறவன் ஒரு முறை குளித்தால் போதும். அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் ஊர் மாடெல்லாம் வரிசையாகச் சேரிப் பக்கம் நடந்தன. அந்த அம்மாள் கையில் ஒரு குச்சியோடு நின்று பார்த்துக்கொண்டாள். யாருடைய பாலையும் அவள் தொடக் கூடாது, ஆனால் அவள் கண் முன்னால்தான் கறக்க வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் ஊரின் யோக்கியதைக்கு அவள் கண் காவல். அவளை நீக்கிய தீர்மானத்தை நான் அடுப்பில் போட்டேன்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அங்க போடுற சாணி எனுக்கு." பிரசிடெண்டு சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஊர் மாடு அத்தனையின் சாணியும் தினமும் அவள் குவியலுக்குப் போயிற்று. வறட்டியும் எருவும் வண்டி வண்டியாகப் பூந்தமல்லிக் கத்தரித் தோட்டங்கள் வரைக்கும் போக ஆரம்பித்தபோது அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். சேரியில் முதல் ஓட்டு வீடு அந்தச் சாணியில்தான் எழுந்தது. இன்ஸ்பெக்டர் சொன்ன முன்னேற்றம் எங்கள் ஊருக்கு வந்தது உண்மை. அவர் சொன்ன பாதையில் வரவில்லை.

இனி என் கதை. அந்த வெள்ளிக்கிழமையே, முதலாளி போகும்போது தாம்பாளத்தை என்னிடம் நீட்டினார். "மரியாதைன்னு கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துண்டு போகப்படாது. அவகிட்ட சேத்துடும்" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். அவள் முன்னால் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன். அப்படி வைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள், நான் நகர்ந்த இரண்டடியையும் பார்த்தாள். பிறகு குடிசைக்குள் போய், தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த பித்தளை லோட்டா ஒன்றைக் கொண்டுவந்து, அப்போது கறந்த பாலை நுரையோடு ஊற்றினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பட்டணத்துப் பெரிய மன்சங்கல்லாம் குடிக்கிறாங்களாமே நைனா. நீ தெனமும் குழாய வுட்டுப் பாக்குற, நல்லா கீதுன்னு எழுதுற. ஒரு நாள் ஒரு வாய் குடிச்சிப் பாரேன்."

ஆத்தாளுக்கு முப்பது கஜம் கண் தெரியாதா என்று சிரித்தவன் நான். அம்மாவோடு வாதாடியவன் நான். பெரிய மனிதர்களின் ஓட்டைகளை எல்லாம் எண்ணிக்கொண்டு, மனசுக்குள் என்னை மட்டும் உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தவன் நான். சுற்றும் முற்றும் பார்த்தேன். மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"எனக்குப் பால் ஒத்துக்காது" என்றேன்.

சங்கத்துக் கொட்டகையில் தினமும் காலையில் நான் காப்பி குடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். நீட்டிய கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. பிறகு லோட்டாவைக் கீழே இறக்கினாள்.

"அப்டியா நைனா? எனுக்குத் தெரியாம பூட்ச்சே. ஒத்துக்காதத குடிக்கக் கூடாது" என்றாள். அந்தப் பாலைக் கன்றுக்குட்டி முன்னால் வைத்தாள்.

கோபித்துக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை. மறுநாள் காலை கொட்டகையில் எனக்குக் காப்பி வந்தது. தூரத்திலிருந்து ஊரே கேட்க அவள் குரல் வந்தது: "ஐயையோ, நைனாவுக்குப் பால் ஒத்துக்காது! பால் ஊத்தாத குடுங்க!" எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்றேன். கடுங்காப்பி வந்தது. அதற்கடுத்த நாளும் குரல் வந்தது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் பரவி, என் அம்மாவே, "எனக்கே தெரியாம எப்டிடா?" என்று கவலைப்பட்டு மோரையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பந்தலில் பெண்ணையும் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, சம்பிரதாயப்படி பாலும் பழமும் கொண்டுவந்தார்கள். வெள்ளிக் கிண்ணத்தில், குங்குமப்பூ போட்ட பால். எத்தனை நாள் ஆசை! வாய்க்குப் பக்கத்தில் வந்தாயிற்று. பந்தலுக்கு வெளியே, சேரிக்காரர்களுக்கென்று விட்டிருந்த ஓரத்தில், தாம்பாளத்தோடு வந்த அந்தப் பட்டணத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

"மாப்ளைக்குப் பால் ஒத்துக்காதுங்கோ!" என்றாள், உண்மையான அக்கறையோடு.

பெண் வீட்டார் பதறிப்போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாழைப்பழத்தை மட்டும் கையில் கொடுத்தார்கள். நான் தலை நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். அந்தப் பந்தலில் அத்தனை பேர் இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பழத்தை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வெட்கம்.

எழுந்து அவளிடம் போய், அம்மா, ஒரு லோட்டா பால் கொடு என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். பிறகும் எத்தனையோ விடியற்காலை அவளைப் பார்த்தேன், எத்தனையோ முறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கற்பூரம் அடித்துச் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர் மூன்றே வாரத்தில் விழுங்கிவிட்டது. கற்பூரம் இல்லாமல் நான் சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் இன்றுவரை ஒரு சொட்டுக் கலப்படம் இல்லாமல் காப்பாற்றிவருகிறேன்.

அந்தப் பால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.